மூக்கு மட்டும் பயப்படவில்லை

பர்மெண்டிங் அறைக்குப் புதிதாக வந்திருக்கும் பெண்களுக்கு,

போன வாரம் பேக்டரி வாசலில் உங்களில் ஒருத்தி என்னை நிறுத்தி, "ஏனுங்கம்மா, மொத நாள் பயம் உங்களுக்கு எப்படிப் போச்சுங்க?" என்று கேட்டாள். நான் சிரித்துவிட்டு நடையைக் கட்டிவிட்டேன். பதில் இல்லாமல் இல்லை. நாலு பேர் நின்று பார்த்தால் எனக்கு வாய் வராது. வேலையில் இருந்தபோதும் வராது, ஓய்வு பெற்ற பிறகும் வரவில்லை. அஞ்சாம் வகுப்போடு நின்றவள் என்றாலும் எழுத்துக் கூட்டி எழுத வரும். அதனால் எழுதிக் கொடுக்கிறேன். பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். என் பயம் போகவில்லை. ஆனால் அது உடம்பில் எங்கெங்கே வந்து உட்காருகிறது, எங்கே உட்காராமல் விடுகிறது என்று பார்த்து வைத்துக்கொண்டேன். கேட்டவளுக்கு நான் சொல்லக்கூடியது அவ்வளவுதான்.

பச்சைத் தேயிலைக்கு விலை விழுந்த வருசங்கள் அவை. உங்களில் பாதிப் பேர் அப்போது பிறந்திருக்க மாட்டீர்கள். பறித்தால் கூலிக்குக்கூடக் கட்டாது என்று பல தோட்டங்களில் கொழுந்தை முற்ற விட்டுவிட்டார்கள். தேயிலைச் செடி ஆள் உயரத்துக்கு மரமாக நிற்பதை அப்போதுதான் நான் முதன்முதலில் பார்த்தேன். எங்கள் எஸ்டேட் ஆண்கள் ஒவ்வொருவராகத் திருப்பூருக்கு இறங்கினார்கள். என் வீட்டுக்காரரும் ஒரு பனியன் கம்பெனிக்கு வாட்ச்மேனாகப் போனார். பேக்டரியில் ஆள் குறைந்ததும், கொழுந்து பறித்துக்கொண்டிருந்த எங்களில் சிலரை உள்ளே கூட்டவும் கழுவவும் எடுத்தார்கள். எனக்குக் கிடைத்தது பர்மெண்டிங் அறை. என்னோடு வந்தவள் சரசு. எஸ்டேட் வரிசை வீடுகளில் எனக்குப் பக்கத்து லயன்காரி. அவள் வாய் மூடி நான் பார்த்ததில்லை.

அந்த அறையின் வேலை உங்களுக்குத் தெரியும். நசுக்கிய இலையைத் தரையில் பரப்பி வைக்கிறோம். பச்சையாக இருப்பது மெல்லச் சிவந்து செம்பு நிறத்துக்கு வருகிறது. பதம் வந்ததும் டிரையருக்குள் தள்ளிச் சூடு காட்டிவிட வேண்டும். முந்தினால் பச்சை வாடை நிற்கும். பிந்தினால் சாரம் செத்துப்போகும். சூட்டுக்குள் போனதைத் திரும்ப எடுக்க முடியாது. அந்த நேரத்தைச் சொல்வது எங்கள் டீ மேக்கர். கோயமுத்தூர்ப் பக்கத்துக்காரர், என்னைவிடப் பத்து வயது இளையவர், என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். அவர் பேரை எழுதினால் அவருக்குப் பிடிக்காது, விட்டுவிடுகிறேன். முன்பு மூன்று பேர் பார்த்த வேலையை அப்போது அவர் ஒருவராகப் பார்த்தார். நின்று சாப்பிட்டு நான் பார்த்திருக்கிறேன், உட்கார்ந்து சாப்பிட்டுப் பார்த்ததில்லை.

நான் கூட்டத்தான் போனேன். ஆனால் கூட்டும்போது ஒரு விசயம் என்னைப் பிடித்துக்கொண்டது. காலையில் நான் ஓரம் கூட்டும்போது வெட்டிய புல் மாதிரி வாடை அடிக்கும். கொஞ்ச நேரம் கழித்து அதே இடத்துக்கு வந்தால் வேறு வாசம். அதற்கும் பிறகு வந்தால் இன்னொன்று. இலை ஒன்றுதான், இடம் ஒன்றுதான். இது எப்படி? மூடுபனி இறங்கிய நாளில் மெதுவாக மாறியது. வெயில் சுள்ளென்று அடித்த நாளில் ஓட்டமாக மாறியது. எனக்கு இது ஒரு கதை கேட்பது மாதிரி ஆகிவிட்டது. லயனுக்குப் போயும் விடவில்லை. தீப்பெட்டி, மழை வந்தால் மேலே போட்டுக்கொள்ளும் பிளாஸ்டிக் தாள், ஈரச் சாக்கு, கழுவின சட்டி என்று எல்லாவற்றையும் மோந்து பார்த்தேன். எனக்கு என்னமோ பிடித்துக்கொண்டது என்று சரசு லயன் முழுக்கச் சொல்லி வைத்தாள்.

ஒருநாள் நான் குனிந்து ஒரு கை அள்ளி மோந்துகொண்டிருந்ததை டீ மேக்கர் பார்த்துவிட்டார். திட்டுவார் என்று நினைத்தேன்.

"என்ன வாசமுங்கக்கா?" என்றார்.

"நேத்து மாதிரி இல்லீங்க" என்றேன். அதற்கு மேல் எனக்கு வார்த்தை இல்லை.

அவர் சரி, தப்பு எதுவும் சொல்லவில்லை. அன்றிலிருந்து அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அதே கேள்வியைக் கேட்பார். நானும் தெரிந்ததைச் சொல்வேன். பதிலை ஒருநாளும் அவர் சொல்லிக் கொடுத்ததில்லை. ஏன் இந்த மனுசர் கேட்டுவிட்டுப் பேசாமல் போகிறார் என்று எனக்கு ஒரே யோசனை. ஒரு மாதம் கழித்து, "நாளையிலிருந்து இந்த அறையை நீங்க பாருங்க. பதம் வந்ததும் போதும்னு டிரையர்க்காரருக்குக் குரல் குடுங்க, அவர் தள்ளீருவாரு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். முடியாது என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. அப்படித்தான் அந்த வேலை எனக்கு வந்தது.

முதல் நாள் நடந்ததை மறைக்காமல் சொல்கிறேன். காலையில் இருந்து முழங்கால் ஆடியது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. டிரையர் இருந்தது அறையின் அந்தக் கோடியில். நடுவில் மெசின் சத்தம். நாலு ஆண்கள் நிற்கிற இடத்தில் நான் குரல் எடுத்துக் கத்த வேண்டும். எங்கள் லயனில் பொம்பளை சத்தம் போட்டால் சண்டை என்று அர்த்தம்.

இலை சிவந்து வந்தது. ஒரு கை அள்ளினேன். பேரிக்காய் வாசம் வந்தது. இங்கே லயன் வீடுகளில் பேரிக்காயைச் சாக்கில் கட்டி அடுப்புக்கு மேலே பழுக்க வைப்போம் அல்லவா, அந்தச் சாக்கை அவிழ்த்த நேரத்து வாசம். பதம் அதுதான் என்று எனக்குச் சந்தேகமே இல்லை. வாயைத் திறந்தேன். காற்றுத்தான் வந்தது. சரி, டீ மேக்கர் எப்படியும் இந்தப் பக்கம் வருவார், அவரே சொல்லட்டும் என்று நின்றுகொண்டேன். அவர் டிரையர் அடுப்பில் ஏதோ கோளாறு என்று அங்கே மாட்டிக்கொண்டார். பத்து மணிச் சங்கு ஊதிற்று. பேரிக்காய் போயிற்று. நான் அசையாமல் நின்றேன். அவர் ஓடிவந்து அள்ளிப் பார்த்தபோது அது ஆறிப்போன கசாயம் மாதிரிக் கிடந்தது.

கையைத் தட்டிவிட்டுக்கொண்டு, "உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுதுங்கக்கா?" என்று கேட்டார்.

"சங்கு ஊதறதுக்கு முன்னாலயேங்க."

"அப்ப எனக்கு முன்னாலயே உங்களுக்குத் தெரிஞ்சிருக்குது" என்றார். அந்தத் தரையைக் கூட்டி அள்ளியதும் நான்தான்.

அன்றைக்கு வீட்டில் அழுதேன். அழுது முடித்த பிறகு அவர் சொன்னதை எடுத்துப் பார்த்தேன். எனக்கு அதிசயமாக இருந்தது. முழங்கால் பயந்தது, வாய் பயந்தது, உள்ளங்கை வேர்த்தது. ஆனால் மூக்கு? அது பாட்டுக்குத் தன் வேலையைப் பார்த்திருக்கிறது. அவ்வளவு நடுக்கத்திலும் பேரிக்காயைச் சரியாகப் பிடித்திருக்கிறது. பயம் வந்தால் ஆள் முழுக்கப் பயந்துபோகிறாள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. எங்கேயோ ஒரு இடத்தை அது விட்டுவிடுகிறது. புது வேலைக்குப் போகிறவள் அது எந்த இடம் என்று முதலில் தேடிப் பார்க்கட்டும்.

மறுநாள் வாய்க்கு ஒரு வழி பண்ணினேன். சரசுதான் யோசனை சொன்னாள். "கத்தத் தெரியாட்டி என்ன புள்ள, தொடப்பத்தத் தூக்கிக் காட்டு" என்றாள். பதம் வந்ததும் துடைப்பத்தைத் தலைக்கு மேலே தூக்குவேன். டிரையர்க்காரர் அடிக்கடி திரும்பிப் பார்த்துக்கொள்வார். சரசு அதற்குக் கொடியேற்றம் என்று பேர் வைத்தாள். "கொடி ஏத்தியாச்சுங், தேர் கிளம்பட்டும்" என்பாள். சில மாதம் அப்படியே ஓடியது. என் பயமும் தீர்ந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். அது துடைப்பத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தது.

அந்த வருசம் குன்னூர் ஏலத்தில் எங்கள் தேயிலை மூன்று முறை வாங்க ஆள் இல்லாமல் திரும்பி வந்தது. ஒருநாள் சாயங்காலம் மேனேஜர் துரை எல்லோரையும் பேக்டரி முன்னால் நிறுத்திப் பேசினார். மறுநாள் செய்யும் தேயிலையிலிருந்துதான் ஏலத்துக்கு மாதிரி எடுக்கப் போகிறார்கள். அதுவும் திரும்பினால் பேக்டரியைப் பூட்டிவிட்டுக் கொழுந்தை லாரியில் வேறு பேக்டரிக்கு அனுப்புவார்கள். பேக்டரி ஆட்கள் லயன் வீட்டைக் காலி செய்து கொடுக்க வேண்டும். அவர் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதனால்தான் பயமாக இருந்தது.

எனக்கு அந்த லயன் வீட்டை விட்டால் வேறு இடம் கிடையாது. திருப்பூரில் என் வீட்டுக்காரர் ஆறு பேரோடு ஒரே அறையில் படுத்துக்கொண்டிருந்தார். மகள் பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள்.

காலையில் எழுந்தபோது உடம்பு நடுங்கியது. சளி பிடித்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். நம் மலையில் எந்த நடுக்கத்துக்கும் முதல் மருந்து நீலகிரித் தைலம்தானே. பாட்டிலை எடுத்து நெஞ்சில், நெற்றியில், மூக்குக்குக் கீழே என்று நன்றாகத் தேய்த்தேன். கொஞ்சம் துணியில் நனைத்து இடுப்பிலும் சொருகிக்கொண்டேன். பர்மெண்டிங் அறைக்குப் பூ வைத்துக்கொண்டு வரக்கூடாது, வாசனை எண்ணெய் தேய்க்கக்கூடாது, தேயிலை எந்த வாசத்தையும் குடித்துவிடும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். நானே இரண்டு பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஆனால் தைலத்தை ஒரு வாசனையாக நான் நினைத்ததே இல்லை. நம்மூரில் அது தண்ணீர் மாதிரி அல்லவா?

பேக்டரி வாசலில் சரசு மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"என்ன புள்ள ருக்கு, தைலங் காச்சற கொட்டாயே நடந்து வருது?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. குழாயடிக்கு ஓடினேன். சோப்பு, சீயக்காய், அடுப்புச் சாம்பல் எல்லாம் போட்டுத் தேய்த்தேன். சரசு தன்னிடம் இருந்த வேறு சேலையைக் கொடுத்தாள். தோலில் இறங்கிய தைலம் போகுமா? மூக்குக்குள் அது குடியேறியிருந்தது. சோப்பை மோந்தால் தைலம். சாம்பலை மோந்தால் தைலம். உள்ளே இலையைப் பரப்ப ஆரம்பித்துவிட்டார்கள்.

ஒன்று சொல்கிறேன், கேளுங்கள். யாருக்கும் தெரியாமல் உள்ளே போய், தினம் நிற்பது மாதிரி நின்று, ஒரு குத்துமதிப்பில் துடைப்பத்தைத் தூக்கிவிடலாம் என்று எனக்குத் தோன்றியது. தோன்றவில்லை என்று சொன்னால் பொய். தப்பிப்போனால் இலை சரியில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். சரசு என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள் போல. "சொல்லீரு புள்ள" என்று மட்டும் சொன்னாள். அவள் அவ்வளவு சுருக்கமாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

டீ மேக்கர் டிரையர் அடுப்பின் முன்னால் இருந்தார். விறகு ஈரம், சூடு ஏறவில்லை, கண் சிவந்திருந்தது. நான் வெளியே சுற்றிக்கொண்டு போய், தள்ளி நின்றே நடந்ததைச் சொன்னேன். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"என் மூக்குப் பூராப் பொகைங்கக்கா. அடுப்ப உட்டு நகரவும் முடியாது. நீங்க உள்ள வராதீங்க, எல தைலத்தக் குடிச்சுரும். ஆனா வாசல உட்டும் போகாதீங்க."

அவ்வளவுதான் அவர் சொன்னது. என்ன செய்ய வேண்டும் என்று சொல்லவில்லை.

நான் துடைப்பத்தோடு வாசலுக்கு வெளியே நின்றேன். பயம் அன்றைக்கு எனக்கு மிச்சம் வைத்திருந்த ஒரு இடத்தை நானே பாட்டிலைத் திறந்து அழித்துவிட்டேன். இனி என்ன இருக்கிறது என்று பார்த்தேன். கண் இருந்தது. காது இருந்தது. உள்ளே சரசு இருந்தாள். அவளுக்கு ஊர் விசயம் எல்லாம் மோப்பம் பிடிக்கிற மூக்கு.

"சரசு, ஒரு கை அள்ளி மோந்து பாரு. என்ன வாசம்?"

"டீத்தூள் வாசந்தான். வேற என்ன, மல்லிப்பூவா மணக்கும்?"

பேரிக்காய் வாசம் வருகிறதா என்று கேட்டுவிட நாக்கு துடித்தது. கேட்டிருந்தால் உடனே ஆமாம் என்றிருப்பாள். என்னை வீட்டுக்கு அனுப்பக்கூடாது என்பதற்காகவே ஆமாம் என்றிருப்பாள். டீ மேக்கர் இத்தனை நாளும் கேட்டுவிட்டுப் பேசாமல் போனது ஏன் என்று அந்த இடத்தில்தான் எனக்குப் புரிந்தது. பதிலைக் கேள்விக்குள்ளேயே வைத்துக் கொடுத்துவிட்டால் திரும்பி வருவது நம் பதில்தான். நான் வாயைக் கட்டிக்கொண்டேன்.

"டீத்தூள உடு. நம்ம ஊட்டுல, காட்டுல, எதாச்சும் ஒண்ணு மாதிரி இருக்குதா?"

யோசித்தாள். "மாட்டுக்குப் புல்லறுத்துக் கட்டுவமே, அந்தக் கட்டு மாதிரி" என்றாள்.

இன்னும் நேரம் இருக்கிறது. வாசலில் இருந்தே நிறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பனி விலகிச் சன்னலில் வெயில் விழுந்தது. வெயில் வந்தால் இலை ஓட ஆரம்பிக்கும், ஆகையால் அடுத்த கேள்வியைச் சீக்கிரமாகவே கேட்டேன். பச்சை கொஞ்சம் தணிந்திருக்கிறது, ஈரச் சாக்கு மாதிரி இருக்கிறது என்றாள். இன்னொரு தடவை. ஒன்றும் சொல்லத் தெரியவில்லை, தொண்டையில் நிற்கிறது என்றாள். தரை செம்பு நிறத்துக்கு வந்துகொண்டிருந்தது, புளி போட்டு விளக்கிய குடம் மாதிரி. என் கண் இப்போது என்றது. கண்ணை மட்டும் நம்பி நான் ஒருநாளும் சொன்னதில்லை.

"இன்னொருக்கா, சரசு."

அள்ளினாள். மோந்தாள். சிரித்தாள்.

"ஏ புள்ள, பசிக்குது. பழுத்த பேரிக்காச் சாக்க அவுத்தாப்பல இருக்குது."

துடைப்பத்தைத் தூக்கினேன். டிரையர்க்காரர் திரும்பவில்லை. ஈர விறகோடு மல்லுக்கட்டிக்கொண்டு அடுப்புக்குள் தலையை விட்டிருந்தார். டீ மேக்கரும் அவர் பக்கத்தில் குனிந்திருந்தார். துடைப்பத்தை ஆட்டினேன். உள்ளே ஓடலாம் என்றால் இலைக்குக் குறுக்கே தைலத்தோடு ஓட வேண்டும். வெளியே சுற்றிக்கொண்டு ஓடினால் அதற்குள் பேரிக்காய் போய்விடும். முதல் நாள் அது எவ்வளவு சீக்கிரம் போனது என்று எனக்குத் தெரியும். சரசு என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் கத்தியிருக்கலாம், அவளுக்குக் கத்துவது மூச்சு விடுவது மாதிரி. ஆனால் அது பதம் என்று அவளுக்குத் தெரியாது. பசிக்கிறது என்றுதான் தெரியும்.

"போதும்" என்றேன்.

அது என் குரல்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. மெசின் சத்தத்தைத் தாண்டி அந்தக் கோடிச் சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. யாரோ மெசினில் மாட்டிக்கொண்டார்கள் என்றே நினைத்ததாகச் சரசு பின்னால் சொன்னாள். இரண்டு ஆண்களும் நிமிர்ந்தார்கள். டீ மேக்கர் வந்து அள்ளிப் பார்க்கவில்லை. ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. கையை மட்டும் காட்டினார். டிரையர்க்காரர் தள்ள ஆரம்பித்தார். இலை உள்ளே இறங்கியதும் டிரையரின் சத்தம் மாறியது. வெறுமையாக ஓடும்போது ஒரு மாதிரி ஊளையிடும், இலை விழுந்ததும் தொண்டை கட்டினது மாதிரி அடங்கும். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே வாசலில் உட்கார்ந்துவிட்டேன். முழங்கால் அப்போதும் ஆடிக்கொண்டுதான் இருந்தது.

மூன்றாம் நாள் டீ மேக்கர் ருசி பார்க்கிற மேசைக்கு என்னைக் கூப்பிட்டார். மாதிரியிலிருந்து ஒரு கோப்பை ஊற்றி என் பக்கம் தள்ளி, வழக்கமான அதே கேள்வியைக் கேட்டார். நான் நன்றாக மோந்து பார்த்தேன்.

"தைலம் இல்லீங்க" என்றேன்.

அவர் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

ஏலத்துக்கு அனுப்பிய அந்தத் தேயிலை திரும்பி வரவில்லை. பெரிய விலைக்குப் போனதாக யாரும் சொல்லவில்லை, ஆனால் வாங்க ஆள் வந்தது. பேக்டரியைப் பூட்டவில்லை. நான் ஓய்வு பெறும் வரை அந்த அறையில்தான் இருந்தேன். துடைப்பத்தைக் கூட்டுவதற்கு மட்டும் வைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகும் தப்பு பண்ணியிருக்கிறேன். ஒருமுறை மழை நாளில் அவசரப்பட்டு ஒரு தரைத் தேயிலையைப் பச்சையாகவே தள்ளிவிட்டேன். அதையும் நானே போய்ச் சொன்னேன். ஒவ்வொரு நாளும் அந்த ஒரு சொல்லைச் சொல்வதற்கு முன்னால் தொண்டை கொஞ்சம் அடைக்கும். அடைக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

வாசலில் என்னிடம் கேட்ட பெண்ணே, உன் பேர் கேட்கக்கூட அன்றைக்கு எனக்கு வாய் வரவில்லை. நாளைக்கு உனக்கு நடுக்கம் வந்தால் தைலத்தைத் தொடாதே. எது நடுங்கவில்லை என்று பார். ஒன்றும் தென்படவில்லை என்றால் பக்கத்தில் நிற்கிறவளைக் கேள், பதிலை மட்டும் அவள் வாயில் வைக்காதே. பிறகு சொல்லிவிடு.

நான் இருப்பது பேக்டரிக்குக் கீழே உள்ள காலனியில்தான். உன் குரல் இவ்வளவு தூரம் கேட்காது. ஆனால் டிரையர் சத்தம் கேட்கும். அது அடங்கும் நேரத்துக்கு நான் வாசலில் வந்து நிற்பேன்.